மூச்சுக்கு அசையும் நிழல்

ஸ்கேன் அறையில் விளக்கை அணைத்திருக்கிறார்கள். பிள்ளையார்பாளையத்து நெசவாளி தர்மன் ஒருக்களித்துப் படுத்திருக்கிறார். நேற்று அவர் முதுகில் சிறு துளை போட்டு, அதன் வழியாகவே கல்லை உடைத்து எடுத்திருக்கிறார்கள். கல்லோடு ஒரு கிட்னியையும் எடுத்துவிட்டார்கள் என்று காலையிலிருந்து அவருக்குச் சந்தேகம். டாக்டர் அம்ருதவல்லி விலாவில் குளிர்ந்த பசையைத் தடவிக் கருவியை நகர்த்துகிறார். சாம்பல் நிறத் திரையில் ஒரு நிழல் கலங்குகிறது. "பாருங்க, பிறவியிலேயே ரெண்டு கிட்னியும் அடியில ஒட்டி லாடம் மாதிரி இருக்குன்னு சொன்னேனே. அப்படியேதான் இருக்கு." "ஜரிகையவே உரசிப் பாத்துதாம்மா வாங்குவேன். வேற யாரோடதையாவது படம் புடிச்சி வச்சிக்கினு காட்டுனா எனக்கு எப்படித் தெரியும்?" "ஐய, சும்மா இருய்யா!" மனைவி ரேவதி அவர் காலைக் கிள்ளுகிறாள். தர்மன் மூச்சை அடக்குகிறார். நிழல் நிற்கிறது. மெல்ல விடுகிறார்; அதுவும் மெல்ல நகர்கிறது. திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், வேண்டுமென்றே இருமுகிறார். துளை சுண்டி இழுக்கிறது, நிழல் குலுங்குகிறது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "இது என்னுதுதான்," என்கிறார். "அந்தாண்ட இருக்கிறதையும் காட்டும்மா."