மூலையில் நீலம்

நீலம் இன்னும் வரவில்லை.

பெயர்த்துப் போட்ட குளியலறையில் அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தான். தரை போயிருந்தது. சுவரில் இடுப்பளவுக்குப் பூச்சு போய், செங்கல் பல்லை இளித்துக்கொண்டு நின்றது.

வாசலில் புது டைல்ஸ் பெட்டிகள். கறை தெரியாமல் இருக்க வேண்டும் என்று அவன் மனைவி செண்பகம் கடும்பழுப்பில் பார்த்து எடுத்தவை.

மாடியில் பிளம்பர் யாகப்பன் இருந்தார். துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை ஒரு பாட்டில் முழுக்க மாடிக் கழிப்பறையில் ஊற்றி, மேலே நாலு வாளித் தண்ணீரும் விட்டாயிற்று.

அந்த மாடிக் கழிப்பறை அவனும் செண்பகமும் புழங்குவது. கீழே இருப்பது அப்பா கட்டியது. அப்பா போன பிறகு அதை அம்மா மட்டும்தான் புழங்கினாள்.

வரக் கூடாது என்று அவன் வேண்டிக்கொண்டான்.

நீலம் வந்துவிட்டால் அம்மா சொன்னது நிஜமாகிவிடும்.

பெற்றவள் மேல் உள்ள பழி அப்படியே இருக்கட்டும் என்று எந்த மகனாவது வேண்டுவானா? அவன் வேண்டினான்.

இரண்டு வருடமாக அந்த மூலை ஈரம். வெறும் ஈரமாக இருந்தால் பரவாயில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டுதான் அந்தப் பக்கம் போக வேண்டும். எவ்வளவு பினாயில் ஊற்றினாலும் மறுநாள் அதே நாற்றம்.

வயதானவள் ஒருத்தி இருக்கும் வீட்டில் வேறு யாரைச் சந்தேகப்படுவது? விசாரணைக்கே வேலை இல்லாமல் போயிற்று.

நான் இல்லய்யா என்றாள் அம்மா. எத்தனை தடவை சொல்லியிருப்பாள். காது கொடுக்கத்தான் ஆளில்லை.

சாயங்காலக் காபியை நிறுத்தினார்கள். கட்டிலில் ரப்பர் ஷீட் விரித்தார்கள். விருந்தாளி வந்தால் அவள் அறைக் கதவைச் சாத்தினார்கள். அம்மாவுக்கு நிதானம் இல்ல, நின்ன இடத்துலயே போயிருது என்று தங்கச்சியிடம் போனில் நாக்கில் நரம்பில்லாமல் சொன்னது அவன்தான். அம்மா பக்கத்து நாற்காலியில் இருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் சாமி படத்துக்கு முன்னால் உள்ளங்கையில் சூடத்தை வைத்துக் கொளுத்தினாள். அவள் பிறந்த ஊரில் அதற்கு மேல் சத்தியம் கிடையாது. எரியும் கையோடு அவன் பக்கம் திரும்பி நின்றாள்.

அவன் ஊதி அணைப்பதற்குள் கை பொத்துவிட்டது.

சாமி முன்னாடி பொய்ச் சத்தியம் பண்ணாதம்மா என்றான்.

அதற்குப் பிறகு அவள் மறுக்கவில்லை.

கொஞ்ச நாளில், நானாத்தான்யா இருக்கும், எனக்குத்தான் தெரிய மாட்டேங்குது என்று சொல்லத் தொடங்கினாள். வீட்டில் எல்லோருக்கும் அது நிம்மதியாக இருந்தது.

பழஞ்சேலையில் கிழித்த துணி ஒன்றை எந்நேரமும் இடுப்பில் செருகிக்கொண்டாள். எங்கே ஈரம் கண்டாலும் துடைத்தாள். தண்ணீர் குடிப்பதைத் தானாகவே குறைத்துக்கொண்டாள். போன மாதம் சிறுநீரில் கிருமி என்று ஆஸ்பத்திரியில் நாலு நாள் கிடந்தாள். தண்ணியே குடிக்க மாட்டாங்களா என்று கேட்டார் டாக்டர். சொன்னா எங்க கேக்குறாங்க என்றாள் செண்பகம்.

தரையில் ஊறிப்போய்விட்டது, பெயர்த்து எறிந்தால்தான் நாற்றம் போகும் என்று அவன் முடிவு செய்தான். கொத்தனார் பெயர்த்து மூன்று நாள் ஆயிற்று. அம்மாவுக்கு எல்லாம் அறையிலேயே, பெட்பேனில். இந்த வெயிலில் மற்ற இடமெல்லாம் புழுதியாகக் காய்ந்துவிட்டது.

மூலை மட்டும் காயவில்லை.

காலையில் குழாய் மாட்ட வந்த யாகப்பன் அதை விரலால் தொட்டு மோந்து பார்த்தார்.

"அம்மாதான் மூணு நாளா இந்தப் பக்கமே வரலியேண்ணே. அப்ப இது யாரு ஈரம்?"

இப்போது செங்கல் இடுக்கில் ஒரு கோடு கறுத்தது.

கறுப்பில்லை. நீலம்.

முதலில் நூல் மாதிரி இறங்கியது. பிறகு தாராளமாக வழிந்து மூலையில் தேங்கியது.

அவன் எழுந்திருக்கவில்லை. கால் மரத்துப்போயிருந்தது.

சுவருக்குள் இறங்கும் மாடிக் குழாய் எங்கோ விரிசல் விட்டிருக்கிறது. அவனும் செண்பகமும் மேலே போனதுதான் இரண்டு வருடமாகக் கீழே கசிந்திருக்கிறது. அந்த நாற்றத்துக்குத்தான் அம்மா கையில் சூடம் கொளுத்தினாள்.

வெட்கத்தில் அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

இப்போதே சொல்லிவிட வேண்டும். செண்பகத்தை வைத்துக்கொண்டு. தங்கச்சிக்கும் போன் போட்டு. அம்மாவின் காலில் விழுந்தாலும் தகும்.

அறைக்குப் போய் அம்மாவைக் கைப்பிடித்து அழைத்து வந்தான். சூடம் சுட்ட இடம் சொரசொரப்பாக அவன் விரலில் பட்டது. அந்தக் கையை அவன் பிடித்து எத்தனையோ நாளாயிற்று.

"பாரும்மா" என்றான். மூலையைக் காட்டினான்.

அம்மா மூலையைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். மறுபடி மூலையைப் பார்த்தாள். அவள் கண்ணில் பயம் வந்தது.

"இதயும் நாந்தாங் கொட்டுனேனாய்யா?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இடுப்புத் துணியை உருவிக்கொண்டு, செங்கல்லைப் பிடித்து மெல்லக் குனிந்து, துடைக்க ஆரம்பித்தாள்.

"வந்துருச்சாண்ணே?" மேலேயிருந்து யாகப்பன் குரல் கொடுத்தார்.



அவர் இன்னொரு வாளி ஊற்றினார்.