ஊசி ஓய்ந்த அரை மணி

"ஊசியைக் கீழ வைங்கம்மா. அப்பத்தான் நான் புத்தகத்தைத் திறப்பேன்" என்றாள் புத்தக அக்கா.

வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை வாசிக்கப் பழக்குவது அவள் வேலை. பிள்ளை வாசிக்கும்போது அம்மா பக்கத்தில் ஒட்டி உட்கார வேண்டும், கையில் வேறு வேலை இருக்கக் கூடாது. அதில் மட்டும் அவள் படு கறார்.

"மூட்டையை எடுக்க சாயங்காலம் ஆள் வந்துடும் டீச்சர். இன்னும் பாதிச் சட்டைக்குப் பட்டன் வைக்கல" என்று முணுமுணுத்தாலும், அம்மா ஊசியைத் துணியில் குத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். சின்னது அவள் மேல் சாய்ந்துகொண்டு புத்தகத்தைப் பிரித்தது.

"யா...னை... குள... குளத்து..."

அவ்வளவுதான், வண்டி நின்றுவிட்டது.

புத்தக அக்காவுக்குச் சப்பென்று ஆனது. இதோடு சேர்ந்து தொடங்கிய பிள்ளைகள் எல்லாம் கடகடவென்று வாசிக்கிறார்கள். இனி தேவையில்லை என்று அந்த வீடுகளுக்குப் போவதையே நிறுத்தியாகிவிட்டது. இது மட்டும் மாதக்கணக்கில் அதே குளத்தங்கரையில் நிற்கிறது. ஒரே ஒரு பக்கம் இது திக்காமல் வாசித்துக் கேட்டுவிட மாட்டோமா என்று அவள் ஏங்காத நாளில்லை.

"என் மண்டைதான் இவளுக்கும்" என்று அம்மா மகளின் தலையைக் கோதினாள். "பரவால்லடி தங்கம், மெதுவாவே படி. அம்மா எங்கயும் போகல."

அரை மணி நேரம் போனது. யானை குளத்தில் இறங்கியபாடில்லை. புத்தக அக்கா எழுந்ததும் அம்மா மறுபடி ஊசியைக் கையில் எடுத்தாள்.

வழியனுப்ப மாடிப்படி வரை வந்தது சின்னது.

"இந்தப் பையைக் கொஞ்சம் பிடிடி" என்று கொடுத்துவிட்டு, புத்தக அக்கா குனிந்து செருப்பு மாட்டினாள். பைக்குள் வேறொரு வீட்டுக்கான புதுப் புத்தகம் இருந்தது.

"குடையைத் தலைகீழாக விரித்துக்கொண்டு, மழையைப் பிடிக்கப் போனது கரடி..."

தலைக்கு மேலே குரல் மடமடவென்று ஓடியது. ஓரிடத்திலும் திக்கவில்லை. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கவும் செய்தது.

புத்தக அக்கா நிமிர்ந்தாள். "அடிக் கள்ளி, எத்தனை நாளா இப்படி?"

சின்னது புத்தகத்தைப் படக்கென்று பைக்குள் திணித்தது. வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தியது.

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்கக்கா. எனக்குப் படிக்க வந்துடுச்சுன்னா நீங்க வர மாட்டீங்க. நீங்க வரலைன்னா, அம்மா ஊசியைக் கீழ வைக்கவே மாட்டாங்க."