வெர்லினின் குடல் சுத்தம்

வெர்லின் ஒரு வாரமாக உணவைத் தொடவில்லை. குடலைச் சுத்தம் செய்யும் பொடியைத் தண்ணீரில் கலக்கிக் குடிப்பதோடு சரி. ஆனாலும் தினமும் சாம்பல் நிறத்தில், ரப்பர் கயிறு போல நீளமாக ஒன்று வெளியேறுகிறது. வெறும் வயிற்றிலிருந்து அது எப்படி வருகிறது என்று அவன் மனைவி லோரீனுக்குப் புரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே அமெரிக்க நகரமான டுலூத்தின் பனி கறுத்து உறைந்து கிடக்கிறது. குளியலறைக் கதவு திறக்கிறது. லாரி ஓட்டிக் காய்த்த கையால் சுவரைப் பிடித்தபடி வெர்லின் வருகிறான்.

"இருவது வருஷத்து அழுக்கு, லோரீன். இன்னும் இருக்கு."

"உள்ள என்ன சாக்கடையா ஓடுது? மூஞ்சியப் பாரு, பொணம் மாதிரி. நாளைக்கு வண்டிய எப்படி எடுப்ப?"

சிரிக்க முயல்கிறான், நாற்காலியில் சரிகிறான். மேஜையில் அவன் இரவு பொடியைக் கலக்கி மீதி வைத்த குவளை இருக்கிறது. லோரீன் அதிலுள்ள கரண்டியைத் தூக்குகிறாள். கரண்டியோடு அதே சாம்பல் கயிறு வழுக்கிக்கொண்டு, அறுபடாமல் எழுந்து வருகிறது. இருவரும் அதையே பார்க்கிறார்கள்.

அவள் பொடி டப்பாவைத் திருப்பிப் படிக்கிறாள். "இசப்கோல், களிமண். தண்ணி பட்டா உப்பி ஒட்டிக்கும். நீ குடிச்சதுதான்டா வெளிய வருது."

"அப்போ என் மலச்சிக்கல்? அதுக்குத்தானே இதக் குடிச்சேன்."

"வண்டிய நிறுத்தணுமேன்னு நீ தண்ணியே குடிக்கிறதில்ல, வந்தாலும் அடக்கிக்கிற. இப்ப சூப்பக் குடி. இனிமே தண்ணி குடி, ஓட்ஸ் சாப்பிடு, வந்தா வண்டிய ஓரங்கட்டு."