ஃபோகஸ் போன இடம்

பிளாஸ்டிக் நாற்காலியில் துண்டை விரித்து, அதன்மேல் இரண்டு கேமராக்களையும் வைத்தான் புகழ்வேந்தன். ஒன்று பழசு. இன்னொன்று அதற்குச் சில வருடம் பின்னால் வந்த புதுசு.

“எது வேணுமோ எடுத்துக்க ஜெனி. மிச்சத்த டவுன்ல குடுத்துடுவேன்.”

ஆரோக்கிய ஜெனிபருக்கு இரண்டுமே தெரிந்தவைதான். இத்தனை வருடமும் கல்யாணங்களில் பழசைப் பிடித்துக்கொண்டு பெண் பக்கம் அவள் நின்றாள். புதுசோடு மாப்பிள்ளை பக்கம் அவன் நின்றான். கேமராக்கள் இரண்டும் அவனுடையவை.

இப்போது அவனுக்கு அரசாங்க வேலை கிடைத்துவிட்டது. படம் எடுப்பதை விடுகிறான். வீட்டுக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். கரையாம்புத்தூர் வெயிலில் சுவரைப் பார்க்கக் கண் கூசியது.

புதன்கிழமை வில்லியனூர் மண்டபத்தில் ஒரு கல்யாணம். முதல்முறையாக அவள் தனியாக எடுக்கப்போகிறாள். சொந்தமாக ஒரு கேமரா இல்லாமல் ஆகாது.

பழசுக்கான பணம் கைப்பையில் இருந்தது. புதுசு என்றால் மீதியைத் தவணையில்தான் தரவேண்டும்.

பழசு கைக்குப் பழகியது. எந்தப் பொத்தான் எங்கே என்று விரலுக்கே தெரியும். ஆனால் மண்டபத்தில் விளக்கை அணைத்துக் கலர் லைட் போட்டுவிட்டால் அது முகம் பிடிபடாமல் தடுமாறும். புதுசு இருட்டிலும் கண்ணைக் கண்டுபிடித்துவிடும்.

டவுன் கடையில் இதே விலைக்கு, கேரண்டியோடு கிடைக்கும். அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் பஸ் மாறி இங்கேதான் வந்தாள்.

சார்ஜர் எடுத்துவர அவன் உள்ளே போனான்.

அவள் புதுசை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே வந்தாள். மதில் சுவரை ஒட்டிய வேப்பமரத்தடியில், நடவு வேலைக்கு வந்த பெண்கள் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகொண்டிருந்தார்கள். கேமராவைப் பார்த்ததும் அவர்களில் மூத்தவளான மணியம்மாள் கூப்பிட்டாள்.

“எங்கள ஒரு ஃபோட்டோ புடிம்மா. நீயும் வந்து நில்லு.”

கேமராவைக் குட்டையான மதிலின்மேல் வைத்தாள். எல்லோரும் தங்களைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று திரையை முன்பக்கம் திருப்பினாள். டைமர் போட்டுவிட்டு ஓடிப்போய், மணியம்மாளின் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

திரையில் ஒரு சின்னக் கட்டம் வந்தது. கேமரா யார் முகத்தைப் பார்க்கிறது என்று காட்டும் கட்டம். முன்னால் இருந்த முகங்களில் ஏதாவது ஒன்றில் அது நின்றிருக்க வேண்டும்.

நிற்கவில்லை. எல்லோரையும் தாண்டி வந்து அவள் முகத்தில் நின்றது.

ஓரமாக நகர்ந்தாள். கட்டமும் நகர்ந்தது. குனிந்தாள். நிமிர்ந்ததும் திரும்ப வந்து ஒட்டிக்கொண்டது.

ஏன் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தக் கேமராவில் ஒரு முகத்தைப் பதிந்து வைக்கலாம். எவ்வளவு கூட்டத்திலும் அது அந்த முகத்தைத்தான் முதலில் தேடும். மாப்பிள்ளை முகத்தைப் பதிந்துகொள் என்று ஒவ்வொரு கல்யாணத்திலும் அவனுக்குச் சொன்னவளே அவள்தான்.

படம் விழுந்தது. பெண்கள் சிரித்துக்கொண்டே சாப்பாட்டுக்குத் திரும்பினார்கள்.

அவளுக்குப் பழைய படங்கள் ஞாபகம் வந்தன. அரியாங்குப்பத்தில், பாகூரில், நல்லவாட்டில். மாப்பிள்ளை மங்கலாகவும், மேடை ஓரத்தில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிற்கும் அவள் தெளிவாகவும் விழுந்த படங்கள். ஃபோகஸ் எங்கப்பா போச்சு என்று திட்டிக்கொண்டே, அவற்றை எல்லாம் அவளேதான் உட்கார்ந்து அழித்தாள். கேமரா கோளாறு என்பான் அவன்.

அது பொய்யாக இருக்கக்கூடாதா என்று அவள் ஆசைப்பட்ட நாட்கள் உண்டு.

கேமராவை எடுத்து மெனுவைத் திறந்தாள். பதிந்த முகம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அவளுடையது. நெற்றியில் முடி விழுந்திருந்தது. கேமராவை நேராகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். எந்தக் கல்யாணம் என்று தெரியவில்லை. அப்படிச் சிரித்ததும் ஞாபகம் இல்லை.

அழிக்கலாமா என்று கேமரா கேட்டது.

உள்ளே அவன் அம்மாவோடு பேசிக்கொண்டே வரும் சத்தம் கேட்டது. அந்தக் குரல் வாசலைத் தொடுவதற்குள் அழுத்திவிட்டாள்.

பிறகு எதற்கென்று தெரியாமல், கேமராவைத் திரும்பவும் மதில்மேல் வைத்துவிட்டுப் போய் அந்தப் பெண்களுக்குப் பின்னால் நின்றாள். கட்டம் மணியம்மாளிடம் போனது. சோறு மென்றுகொண்டிருந்த அந்த முகத்திலேயே இருந்தது. இவள் பக்கம் வரவே இல்லை.

புகழ்வேந்தன் சார்ஜரோடு வந்தான். கேமராவை எடுத்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பவன்போல மெனுவுக்குள் போனான். ஓர் இடத்தில் விரல் நின்றது. தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் நின்றது.

“எத எடுத்துக்கிற?” என்றான், நிமிராமல்.

“புதுச.”

அவனே துடைத்து, மூடி போட்டு, அவள் பையில் வைத்தான். பஸ் ஸ்டாப் வரைக்கும் வண்டியில் கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றாள்.

கேட்டைத் தாண்டிப் போனவள் நின்று திரும்பினாள்.

“புதன்கிழமை பட்டு வேட்டி கட்டுனதும் மொதல்ல எங்கிட்ட வந்துடு, புகழ். பொண்ணு மேடைக்கு வர்றதுக்குள்ள, உன்ன மட்டும் தனியா நாலு படம் எடுத்துக்கிறேன்.”