பச்சைக் கோடு

"கொத்தனார் அடுத்த வாரம்தான் வருவாராம். நீங்க லீவு போட்டுக் கூட நிக்கணும். அப்ப எந்த வேலையைத் தள்ளிப் போடறது?" என்றாள் மனைவி.

வீடு கட்டும் வேலையோடு குடும்ப வேலைகளையும் கம்ப்யூட்டரில் வேலைக்கு ஒரு கோடாகத் தேதி போட்டு வைத்திருந்தார் இன்ஜினியர்.

"சிவப்புக் கோட்டுல கை வைக்காதே. அதுல ஒண்ணு தள்ளிப்போனா வீடே தள்ளிப்போகும். அந்தப் பச்சையைத் தள்ளு."

"போன மாசமும் அதைத்தானே தள்ளினோம்?"

"அதை நம்பி வேற எந்த வேலையும் நிக்கலையே!"

சொன்ன தேதியில் வீடு முடிந்தது. இன்ஜினியருக்குப் பெருமை பிடிபடவில்லை. அம்மாவைக் கைபிடித்து உள்ளே அழைத்துப் போனார். அம்மா சுவரைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"வழுவழுன்னு இருக்குப்பா. என்ன கலர் அடிச்சிருக்கே?"

கம்ப்யூட்டரில் பாக்கி நின்ற ஒரே பச்சைக் கோடு, அம்மாவின் கண் ஆபரேஷன்.

"பச்சைம்மா" என்றார்.