விரட்டாத புருஷன்

ராஜபாளையம் மில்லில் ஃபிட்டராக இருந்த மரியசூசைக்கு வாடகைக்கு எடுத்துப் படித்த பேய்நாவல்மேல் ஆத்திரம். அதில் செத்த மனைவி வாசலில் வந்து நிற்கிறாள்; புருஷன் சிலுவையைக் காட்டி விரட்டுகிறான்.

“வந்தவளப் போயி வெரட்டுதான், இவனெல்லாம் வேதக்காரனா?” என்று வாடகைநூலகத்துச் சங்கரலிங்கத்திடம் புத்தகத்தை வீசினான்.

மரியசூசையின் மனைவி ஞானப்பூ இரண்டு தடவை புதுப்பட்டியிலுள்ள தாய்வீட்டுக்கு ஓடியவள். இரண்டு தடவையும் இவன்தான் இழுத்துவந்தான். எண்பத்தாறாம் வருஷம் காய்ச்சலில் இறந்துபோனாள்.

அன்று சாயங்காலம் வாசல்நிலைக்கு மேலிருந்த சிலுவையைக் கழற்றிப் பெட்டிக்குள் பூட்டி, சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டான். கதவை அகலத் திறந்து, “வா ஞானம், நான் வெரட்ட மாட்டேன்” என்றான். நாற்காலியிலேயே தூங்கிப்போனான்.

விடிந்தபோது கதவு வெளியே நாதாங்கி போட்டிருந்தது. அவன் தட்டியதும் பக்கத்து வீட்டு ஆவுடையம்மாள் வந்து திறந்தாள்.

“யாருண்ணே சிலுவையக் கதவுக்கு வெளிப்பக்கம், மொகத்த உள்ள திருப்பி உங்களப் பாத்தாப்புல மாட்டுனது?”