காசு வாங்கியே தீரணும்

“இலவசமா? அந்தப் பேச்சே இங்க வேண்டாம்!” என்று மேஜையை ஓங்கித் தட்டினார் அந்த அம்மாள். காபிக் கோப்பை ஒரு குதி குதித்து அடங்கியது.

எதிரே முதலீட்டாளர் முகத்தைச் சுளித்தார். பல் ஆஸ்பத்திரிகளுக்கு சாஃப்ட்வேர் எழுதி விற்கும் அந்தச் சின்னக் கம்பெனியில் பணம் போடத்தான் அவர் வந்திருந்தார். ஒப்பந்தம் மேஜை மேல் கிடந்தது; கம்பெனியை ஆரம்பித்த இளைஞன் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

“புரியாம பேசாதீங்கம்மா. இனிமே ரெண்டு வருஷம் இலவசமா கொடுப்போம். ஊர்ல இருக்கிற அத்தனை பல் டாக்டரும் ஓடி வருவாங்க. கூட்டம் சேர்ந்ததும் யாராவது பெரிய கம்பெனி தலையில கட்டிட்டுக் கிளம்பிடலாம்.”

“நீங்க கிளம்பிடுவீங்க. நம்பி வந்தவங்க?” அம்மாள் விடுவதாக இல்லை. “போன வருஷம் இப்படித்தான் ஒரு இலவசக் கம்பெனி ராவோட ராவா கடையைச் சாத்திட்டுப் போச்சு. காலைல பேஷன்ட் வாயைத் திறந்துட்டு நாற்காலியில கிடக்கார். எந்தப் பல்லைப் பிடுங்கணும்னு கம்ப்யூட்டர்ல ஒரு எழுத்து இல்லை! ஃபோன் போட்டா எடுக்க நாதியில்லை. காசு வாங்கினவன்தான் சார் ஃபோனை எடுப்பான்!”

இளைஞன் திருதிருவென்று விழித்தான். பாவம், அவன் நிலைமை அப்படி. இந்தப் பணம் வராவிட்டால் அடுத்த மாதம் ஆபீஸ் கதவை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான்.

“தம்பி, நீ சொல்லுப்பா.” முதலீட்டாளர் பேனாவை நீட்டினார். “இலவசம்னு கையெழுத்துப் போட்டா இன்னைக்கே பணம். இல்லைன்னா நீயும் உன் சாஃப்ட்வேரும் நடுத்தெருவுலதான்.”

அவன் பேனாவை வாங்கிவிட்டான். மூடியையும் கழற்றிவிட்டான்.

“போடாதே!” என்று அம்மாள் போட்ட சத்தத்தில் வெளியே தட்டச்சு செய்துகொண்டிருந்தவர்கள் கை நின்றுபோனது. “கண்ணு முழிச்சு எழுதினவன் நீ. அதுக்கு விலை சொல்ல உனக்கென்னய்யா கூச்சம்? திருடியா விக்கறே?”

அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை நாளாக ஒருத்தர்கூட அவனிடம் இப்படிச் சொன்னதில்லை. ஒப்பந்தத்தை அப்படியே முதலீட்டாளர் பக்கம் தள்ளினான்.

“காசு வாங்கித்தான் சார் கொடுப்பேன். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா ஏறி இறங்கி விக்கறேன். முடியலைன்னா நானே மூடிட்டுப் போறேன். நீங்க கிளம்புங்க.”

முதலீட்டாளர் விருட்டென்று எழுந்தார். “நல்லாப் பிடிச்சே பார்ட்னரை! இந்தம்மா கூட இருக்கிற வரைக்கும் நீ உருப்பட்ட மாதிரிதான்!”

“என் பார்ட்னரா?” இளைஞனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “உங்க பின்னாடியே வந்து உட்கார்ந்தாங்களே! உங்க ஆளுன்னுல்ல சார் நினைச்சேன்!”

இருவரும் ஒருசேரத் திரும்பினார்கள். அம்மாள் அசரவில்லை. நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“நான் பல் டாக்டர். இந்த சாஃப்ட்வேருக்கு மாசாமாசம் காசு கட்டறேன், கம்ப்ளெயின்ட் சொல்ல வந்திருக்கேன்!”